ஆடி மாதத்து லாவண்டர்

ஜூலை 19, சனி

ஊராருக்கும் உற்றார் உறவினருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது: கோவில்பட்டி, மின்வாரிய லைன் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பின்னறையின் பாசிப்பச்சை நிறம் இன்று மாலை நான்கு பத்துக்கு இயற்கை எய்தியது. வயது பதினொன்று. சில மழைக்காலங்களாகவே ஓதத்தால் அவதிப்பட்டு வந்தது. இறுதிக் காரியங்களை பெயிண்டர் எஸ்தாக்கி அண்ணன் உப்புத்தாள் கொண்டு தேய்த்து முடித்துவைத்தார். அன்னாரின் பிரிவால் வாடுபவர் ஒரே ஒருவர். கோமதிநாயகம், பதினோராம் வகுப்பு. அதாவது நான்.

ஏனென்றால் அது என் அறை. தை மாதம் செல்வி அக்கா கல்யாணமாகித் தென்காசிக்குப் போன அன்று சாயங்காலமே என் மேஜையை உள்ளே இழுத்துப் போட்டுக் குடியேறினேன். ஆறு மாதம் ஆண்டேன். இப்போது அவளை ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். புதிதாகக் கல்யாணமான பெண்ணை ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில் வைத்திருந்து ஆவணி ஒன்றாம் தேதி திருப்பி அனுப்புவது வழக்கம். வழக்கத்தோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஒரு மாதம் ஹாலில் படுக்கலாம். ஆனால் வந்த மூன்றாம் நாளே சுவரைச் சுரண்டுவார்களா?

அறையைத் திருப்பிக் கேட்டேன். அப்பா கையை ஓங்கினார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 20, ஞாயிறு

அக்காவுடன் பெயிண்ட் கடைக்குப் போனேன். வாசலில் பெரிய துணியில் ஆடித் தள்ளுபடி. உள்ளே கடைக்காரர் ஷேடு கார்டை விசிறி மாதிரி விரித்து வைத்தார். அக்கா நேராக ஊதாப் பக்கத்துக்குப் போய் நின்றுவிட்டாள்.

"ஏல, இது எப்படி இருக்கு?"

"வெங்காயத் தோலு."

"இது?"

"காய்ச்சல்ல கெடக்க கத்திரிக்கா."

"இது?"

அது மெல்லிய லாவண்டர். மழை வரப்போகும் சாயங்காலத்தில் ஐந்து நிமிஷம் மட்டும் வானத்தில் இருக்குமே, அது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லை. "பல் டாக்டர் கிளினிக்கு" என்றேன். அக்கா சிரித்தாள். வந்ததிலிருந்து இது முதல் சிரிப்பு. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்தாள். "ஆடியில எவளாவது வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பாளாட்டி?"

"தள்ளுபடிம்மா" என்றாள் அக்கா. அம்மா பாதி சமாதானம்.

அப்பா தினசரியை மடிக்காமலே கேட்டார்: "ஒரு மாசத்துக்கு வந்தவளுக்கு எதுக்கு புதுக் கலரு?"

அக்கா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். சுவரில் மூன்று கட்டமாக மாதிரி பூசிப் பார்த்தாள். பின்னாலேயே போய் நான்தான், "அத்தானுக்கு இந்தக் கலர் பிடிக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கு எதுக்குல பிடிக்கணும்? அங்க ஒரு ஆணி அடிக்கக்கூட நான் கேட்டுத்தான் அடிக்கணும். இங்கயுமா?"

நகைச்சுவைக்கு இடமில்லாத பதில். விட்டுவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

சுவருக்குப் பட்டி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பட்டிமன்றம். தலைப்பு: மாப்பிள்ளை ஏன் மகளிடம் போனில் பேசுவதில்லை? அக்காதான் போனை அணைத்து பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். நடுவருக்கு, அதாவது எனக்கு, இது தெரியும். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

ஜூலை 23, புதன்

சுவருக்கு பிரைமர். எனக்கு இயற்பியல் தேர்வு. இரண்டு பேரும் வெறும் வெள்ளையாக முடித்தோம்.

ஜூலை 25, வெள்ளி

அறையில் சாமான்களை நடுவில் குவித்துப் போர்வை போடும் வேலை எனக்கு. அக்காவின் பெட்டியைத் தூக்கும்போது அடியில் ஒரு காக்கி உறை. உள்ளே அவளுடைய பி.எஸ்சி. சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்கூட. ஆடிக்கு வரும் பெண்கள் சேலை கொண்டுவருவார்கள். இவள் மதிப்பெண் கொண்டுவந்திருக்கிறாள்.

"இது எதுக்குக்கா?"

"காத்தாடட்டும்னு" என்று பிடுங்கிக் கட்டில் மேல் வைத்தாள்.

சாயங்காலம் அம்மாவின் போனில் அத்தான். தென்காசியில் மருந்துக் கடை வைத்திருக்கும் பாலமுருகேசன் அத்தான். கல்யாணத்தில் எனக்கு கிரிக்கெட் மட்டை வாங்கித் தந்த ஒரே ஆத்மா.

"என்ன மாப்ள, வீட்ல என்ன நடக்கு?"

"பெயிண்டிங் நடக்கு அத்தான்."

"யாரு ரூமுக்கு?"

"என் ரூமுக்கு. உங்க வீட்டம்மா ஆக்கிரமிப்பு."

"ஓஹோ. கலரு எப்படி? ஒரு படம் அனுப்பு, பாப்போம்."

அனுப்பினேன். என் முகம் நன்றாக விழுந்த படம். பின்னால் பிரைமர் மேல் அக்கா திரும்பவும் பூசிப் பார்த்த மூன்று மாதிரிக் கட்டங்கள், அதற்கு முன்னால் கட்டில். உடனே திரும்பக் கூப்பிட்டார்.

"கட்டில்ல என்ன மாப்ள பைலு?"

"அக்காவோட சர்ட்டிபிகேட்டாம். காத்தாடுதாம்."

யாருக்கோ மருந்துக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி மாப்ள. நான் பேசுனத அக்காகிட்ட சொல்லிக்கிடாத. சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றார்.

நான் எதையும் போட்டுக்கொடுக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மாணவனின் கடமை. அத்தான் சீக்கிரம் வந்து கூட்டிக்கொண்டு போனால் அறை சீக்கிரம் காலியாகும் என்ற எண்ணம் வந்ததா என்றால், அது வேறு கேள்வி. பாடத்திட்டத்தில் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

முதல் கோட். பள்ளி இல்லாததால் நான் துணைப் பெயிண்டர். எஸ்தாக்கி அண்ணன் ரோலரால் இழுக்க, ரோலர் போகாத மூலைகளில் அக்கா பிரஷ்ஷால் பூசினாள். ஈரத்தில் பால் கலந்த மாதிரி இருந்த நிறம் காயக் காய அடர்ந்தது.

அண்ணன் டீ குடிக்கப் போனார். அக்கா மட்டும் உள்ளே. எனக்குக் கை அரித்தது.

பின்னறையை வெளியிலிருந்து தாழிட்டுவிட்டு, உள்ளே இருப்பவர் கெஞ்சும் வரை ஹாலில் உட்கார்ந்து முறுக்குத் தின்பது என் பழைய விளையாட்டு. அதில் அதிகமாகச் சிக்கியவள் அக்காதான். "ஏல எருமை, தொறல!" என்று கதவை உதைப்பாள். தெருவுக்கே கேட்கும்.

சத்தமில்லாமல் தாழைப் போட்டேன். முறுக்கோடு உட்கார்ந்தேன். உதை வரவில்லை. கைப்பிடி ஒரு முறை அசைந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. நான் முறுக்கைக் கடிக்காமல் காத்திருந்தேன். உள்ளிருந்து ஒரு குரல் வந்தது, ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாக.

"தொறங்க. நான் எங்கயும் போமாட்டேன். தொறங்க."

என்னிடம் யாரும் இதுவரை அப்படி மரியாதையாகப் பேசியதில்லை. யாரோ வேறு ஆளிடம் பேசுகிறாள் என்று தோன்றியது. எழுந்து போய்த் திறக்க வேண்டியதுதானே? முறுக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து திறந்தாள்.

அக்கா ஈரச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டின் முதுகு, பின்னல், காதோரம் எல்லாம் லாவண்டர். கையில் பிரஷ் அப்படியே இருந்தது. சுவரில் அவள் முதுகளவுக்கு ஒரு தடம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்த எஸ்தாக்கி அண்ணன் அந்தத் தடத்தின் மேல் ரோலரை ஓட்டினார்.

ஜூலை 28, திங்கள்

அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாப்ள கடைக்குப் போகையில வீட்டை வெளிய பூட்டிட்டுப் போறாராம்ல. காலைல ஒம்பதுக்கு. மத்தியானம் சாப்பிட வாறப்ப தொறப்பாராம். பொறவு திரும்பப் பூட்டிட்டுப் போயிருவாராம்."

"அக்காகிட்ட ஒரு சாவி இருக்கும்லா?"

"ஒரே சாவிதானாம்."

"அப்பாகிட்ட சொன்னீகளா?"

"சொல்லாமயா? புதுசுல பொஞ்சாதிய பொத்திப் பொத்தித்தான் வைப்பாக, இவ பெருசு பண்ணுதாங்காக. ஆவணி ஒண்ணாந்தேதி கொண்டு விட்டுட்டுத்தான் மறுவேலைங்காக. அவ போமாட்டேங்கா. இந்தப் பெயிண்டெல்லாம் எதுக்குன்னு நினைச்ச? இங்கதான் இருக்கப்போறேன்னு அப்பாகிட்ட வாயால சொல்ல முடியாமதான் சுவத்துல சொல்லிட்டுத் திரியுதா."

ஒரு நல்ல சிலேடை கைவசம் இருந்தது. எழுதவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

இரண்டாம் கோட். கிரிக்கெட் மட்டையைப் பரணில் போட்டேன். காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 30, புதன்

அம்மாவின் போனிலிருந்து அந்தப் படத்தை அழித்தேன். நம் பக்கம் அழித்தால் எதிர்ப்பக்கமும் அழியுமா என்று வகுப்பில் விசாரித்தேன், என் நண்பன் ஒருவனுக்காக. இரண்டு மூன்று நாள் தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதாம். நண்பனிடம் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அத்தான் அப்பாவைக் கூப்பிட்டார். ஆவணி வரைக்கும் காத்திருக்க மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை, ஆடிப் பதினெட்டு அன்றைக்கே வந்து கூட்டிப் போகிறாராம். சான்றிதழ் பற்றியும் கேட்டிருக்கிறார், பெயிண்ட் பற்றியும் கேட்டிருக்கிறார். அப்பா, "சரிங்க மாப்ள, சரிங்க மாப்ள" என்று ஏழு முறை சொன்னார். போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "அவ துணிமணிய எடுத்து வையி" என்றார்.

அக்கா கதவுக்கு எனாமல் அடிக்க உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"பைலு விஷயம் அவுகளுக்கு யாரு சொன்னா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். எனக்கு நாக்கு நீளம் என்று ஊரே சொல்லும். அந்த நாக்கு சொன்னது: "எதிர்வீட்டு மதினியா இருக்கும். அவுக வாயி சும்மா இருக்காதுல்லா."

அக்கா தலையாட்டினாள். திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக.

எதிர்வீட்டு மதினி நல்லவர். போன வாரம்கூட எனக்குப் பணியாரம் தந்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள். விரிவாகவே எழுதுகிறேன்.

காலை பதினொன்றரை. அம்மா புளிச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் கிளறி வைத்திருந்தாள். எஸ்தாக்கி அண்ணன் பின்னறைக் கதவுக்கு லாவண்டர் எனாமல் பூசிக்கொண்டிருந்தார். வாசலில் அத்தானின் பைக். தேய்த்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் இனிப்பு டப்பா. நான் நடைவாசலில் மதில் மாதிரி கை கட்டி நின்றேன்.

"செல்வி, கெளம்பு" என்றார் அத்தான்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். "ஒரு நிமிஷம் அத்தான். கடைக்குப் போகையில எங்கக்காவ வெளிய பூட்டிட்டுப் போவீகளாமே? நெசமா?"

வீடு நிசப்தம். அத்தானுக்கு முகம் வெளிறிவிட்டது. ஒரு அடி பின்னால் போனார். இன்னொரு அடி. நான் கணக்குப் போட்டு வைத்திருந்த இடம் அதுதான். ஈரக் கதவில் போய்ச் சாய்ந்தார்! வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை லாவண்டர். "பரவால்ல அத்தான், உங்களுக்குத் தள்ளுபடி" என்றேன். எஸ்தாக்கி அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா எழுந்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க மாப்ள. நீங்க மட்டும் போங்க" என்றார்.

அக்கா போகவில்லை. எல்லாப் புகழும் ஒரே ஒரு கேள்விக்கு.

ஆகஸ்ட் 4, திங்கள்

வகுப்பில் மேற்படி சம்பவத்தை மூன்று முறை நடித்துக் காட்டினேன். மூன்றாவது காட்சியில் அத்தான் அழுதார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆகஸ்ட் 3 என்று மேலே இருப்பதில் தேதி உண்மை. சோறு உண்மை. கதவு ஈரமாக இருந்தது உண்மை. அப்பா கடைசியில் சொன்னது உண்மை. மிச்சத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது.

இன்று பள்ளியிலிருந்து வந்தால் என் மேஜை பின்னறையில், ஜன்னலுக்குக் கீழே. என் புத்தகங்களை அக்கா உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து, சிந்திய பெயிண்ட் சொட்டுகளை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பகல்ல நீ இங்க உக்காந்து படில. ராத்திரி மட்டும் எனக்குப் போதும். பரிச்சை வருதுல்லா?"

நாற்காலியை இழுத்தேன். உட்கார முடியவில்லை.

"அக்கா, படம் அனுப்புனது நான்."

பிளேடு நிற்கவில்லை. "தெரியும்ல. அதக் காட்டித்தான அவுக பேசுனாக. படத்துல முக்காவாசி உன் மண்டை."

"பொறவு ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுதியான்னு பாத்தேன். மூணு நாளாச்சு." ஒரு சொட்டைப் பெயர்த்து எடுத்துப் பார்த்தாள். "ரூமுக்காகவா?"

"ஆமா."

"எதிர்வீட்டு மதினிகிட்ட ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல நான். அவுகளுக்கு என்ன ஏதுன்னே தெரியாது." பிறகு, "அப்பாகிட்டயும் நீயே சொல்லிரு. நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

அப்பா முற்றத்தில் ரப்பர் கையுறைகளைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கை ஓங்குவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. திறந்து பார்த்தால் இன்னும் கையுறையைத்தான் உதறிக்கொண்டிருந்தார்.

"நீ பதினாறு வயசுப் பய" என்றார். "எனக்கு அம்பத்துமூணு. பெத்த மவ சொன்னப்ப நான் நம்பல. மாப்ள அவரு வாயால சொன்னபொறவுதான் நம்புனேன். போ, போய்ப் படி."

அத்தான் தன் வாயால் என்ன சொன்னார் என்பதை எஸ்தாக்கி அண்ணனிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். அவர்தான் கதவுக்கு எனாமல் பூசிக்கொண்டு எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவர் ஏணியில் நிற்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

அத்தான் வந்ததும் போனில் படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டியிருக்கிறார். "ஒரு மாசம் இருக்க வந்தவளுக்கு பெயிண்டு எதுக்கு மாமா, பைலு எதுக்கு?" அப்பா பதில் தேடும்போது அக்கா தானாகவே அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். கேள்வி கேட்டது அவள்தான்.

"வெளிய பூட்டிட்டுப் போறது நெசமா இல்லையா? அத அப்பாகிட்ட சொல்லுங்க."

அத்தான் வெளிறவெல்லாம் இல்லை. சிரித்தாராம். சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, கேஸ் சிலிண்டரை அணைத்துவிட்டுப் போவதைச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறார்: "ஆமா மாமா. காலம் கெட்டுக் கெடக்குல்லா. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். முப்பது வருஷமாக மின்கம்பத்திலும் கருகிய வீட்டு வாசலிலும் நின்றவர். அவருக்கு வந்த கேள்வி எனக்கு நூறு வருஷம் ஆனாலும் வந்திருக்காது.

"உள்ள ஷார்ட் சர்க்யூட் ஆவுதுன்னு வையிங்க. எம் மவ எதுவழியா வெளிய வருவா?"

"அதெல்லாம் ஆவாது மாமா."

"எதுவழியா வருவான்னு கேட்டேன் மாப்ள."

அத்தான் சோபாவிலிருந்து நிமிர்ந்தாராம். ஜன்னல் என்றாராம். கம்பி போட்ட ஜன்னல். அப்போதுதான் அப்பா, சாப்பிட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள் என்று சொன்னது.

அவர் சாப்பிடவில்லை. ஈரக் கதவைக் கவனமாக ஒதுங்கித்தான் போனாராம். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. வந்தபோது இருந்த மடிப்போடு போயிருக்கிறார். ஆவணியில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வருவார். அப்பா அன்றைக்கு லீவு போடுகிறாராம். அக்கா நாளை ஏதோ பள்ளியில் ஆய்வக வேலைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிறாள். சொல்லும்போது பிளேடை இரண்டு முறை கீழே போட்டாள். பயம் இருக்கிறது, அவளுக்கும் எனக்கும்.

இனி, மதில் மாதிரி நின்ற கோமதிநாயகம். பைக் சத்தம் கேட்டதும் மாடிப்படி ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தவன் அவன். முழங்காலுக்கு நடுவில் தலை. கீழே பேச்சு நடந்த அரை மணி நேரமும் அவன் காதில் விழுந்தது தொட்டியில் தண்ணீர் சொட்டிய சத்தம் மட்டும்தான். எல்லாம் முடிந்து பைக் போன பிறகு அப்பா முற்றத்தில் நின்று, "ஏல கோமு! எங்கல இருக்க?" என்று கூப்பிட்டார். அப்போதும் நான் எழவில்லை. தொட்டிக்குப் பின்னாலிருந்தே சத்தமாக, தெளிவாகப் பதில் சொன்னேன்:

"நான் இங்க இல்லப்பா."